பணம் வரும் வழி: இலங்கையின் தொழிலாளர் பணவனுப்பல்கள் பற்றிய ஒரு பார்வை

2022 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து 3 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுகளில் அதற்கு முன் எந்த ஆண்டும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதே ஆண்டில் வெளிநாட்டிலுள்ள தொழிலாளர் வங்கிகள் வழியே நாட்டுக்கு அனுப்பிய பணமோ 3,789 மில்லியன் டொலராகச் சுருங்கியது. கொரோனா உலகை முடக்கியிருந்த 2020 இல்கூட 7,104 மில்லியன் டொலர் வந்திருந்தது. போனவர்கள் கூடினார்கள், வந்த பணம் ஏறத்தாழப் பாதியாயிற்று.

மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிடும் பணவனுப்பல் புள்ளிவிவரத்தைத் தொழிலாளர் உழைப்பின் அளவாகவே பெரும்பாலும் நாம் வாசிக்கிறோம். உண்மையில் அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று விடயங்கள் கலந்திருக்கின்றன. எத்தனை பேர், என்ன தொழிலில் வெளியே இருக்கிறார்கள் என்பது முதலாவது. செலவு போக அவர்கள் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது இரண்டாவது. மிஞ்சியதை எந்த வழியால் அனுப்புகிறார்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் மெல்ல மாறுபவை. மூன்றாவது சில மாதங்களிலேயே தலைகீழாகிவிடும். பணவனுப்பல் ஏறி இறங்கும் ஆண்டுகளைக் கூர்ந்து பார்த்தால், பெரும் ஏற்ற இறக்கங்கள் இந்த மூன்றாவது இடத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன. நாணய மாற்று வீதம் நேர்மையானதா, அரசை நம்பலாமா என்று அனுப்புபவர் எடுக்கும் முடிவே அந்த எண்ணை ஆள்கிறது. இதை விளங்கிக்கொள்ள, இந்தத் தீவிலிருந்து பணம் வெளியே போன காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வெளியே பணம் அனுப்பிய தீவு

இன்று பணம் பெறும் நாடாக அறியப்படும் இலங்கை, நூறாண்டுகளுக்கும் மேலாகப் பணம் அனுப்பும் நாடாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலையும் இறப்பரும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்தன. ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகத் தலையில் ஏறியது. அதைக் கழித்து, கடையில் வாங்கிய அரிசிக்கும் கழித்து, ஏதும் மிஞ்சினால் அது ஊருக்குப் போனது: தபாற் கந்தோரில் காசுக்கட்டளையாக, ஊர் திரும்பும் உறவினரின் மடியில் முடிச்சாக, சில வேளை கங்காணியின் கையாலேயே. கொழும்பில் வேலை பார்த்த மலையாளிகளும், வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும், புறக்கோட்டை வணிகரும் தம் பங்குக்கு அனுப்பினார்கள். தோட்டத் தொழிலாளி ஒருவர் அனுப்பிய தொகை சிறியது. ஆனால் அந்தச் சிறு தொகைகளை நம்பித் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களில் அடுப்பெரிந்தது.

சுதந்திரத்தின் பின் இந்த ஓட்டத்தை அரசு சந்தேகத்தோடு பார்த்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தொழிலாளரின் சமூகமான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1953 இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளியே பணம் அனுப்புவதை அனுமதிக்கு உட்படுத்தியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகத் தீர்மானித்தது. அவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம் என்ற அந்த உடன்படிக்கை, ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்றும் சொன்னது. மூன்று தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்தின் சேமிப்புக்கு இரண்டு அரசுகள் பேசி முடித்த உத்தரவாதம் அவ்வளவுதான். புலம்பெயர்ந்த தொழிலாளரின் பணத்தை அவர்களது பணமாக அல்ல, நாட்டின் செலாவணிக் கையிருப்பில் விழும் ஓட்டையாகப் பார்க்கும் பழக்கம் இந்தக் காலத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் பணம் உள்ளே வரத் தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் மறையவில்லை. ஓட்டையாகத் தெரிந்த பணம் இப்போது கையிருப்பாகத் தெரிந்தது. அதன் சொந்தக்காரர் இரண்டு காலத்திலும் கண்ணில் படவில்லை.

வளைகுடா திறந்த கதவு

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் கட்டத் தொடங்கின. 1977 இல் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்தது. இரண்டும் சேர்ந்து ஆட்களை மேற்கே இழுத்தன. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவியது. முதலில் போனவர்கள் கட்டட வேலைக்குப் போன ஆண்கள். பின்னர் வளைகுடா வீடுகள் பணிப்பெண்களைத் தேடின. 1990களின் நடுவில் வெளிநாடு போனவர்களில் நால்வரில் ஏறத்தாழ மூவர் பெண்கள். காத்தான்குடி, ஏறாவூர், மூதூர், புத்தளம், குருநாகல் என்று இனமும் மதமும் கடந்து ஊர்கள் இந்தப் பெண்களின் சம்பளத்தில் நிமிர்ந்தன. கூரை ஓடானது, கடன் தீர்ந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நின்றார்கள்.

2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,160 மில்லியன் டொலராக இருந்த பணவனுப்பல், 2010 இல் 4,116 மில்லியனாகவும் 2014 இல் 7,018 மில்லியனாகவும் வளர்ந்தது. வளர்ச்சி நேர்கோட்டில் வரவில்லை. நாடு அடிபட்ட ஆண்டுகளில் அது இன்னும் வேகமெடுத்தது. 2004 டிசம்பர் சுனாமிக்கு அடுத்த ஆண்டில் பணவனுப்பல் சட்டென உயர்ந்தது. முதலீட்டாளரின் பணம் ஆபத்தைக் கண்டால் ஓடும். தொழிலாளரின் பணம் ஆபத்தைக் கண்டால் வீட்டை நோக்கி வரும். உலகெங்கும் பொருந்தும் இந்த இயல்பு இலங்கையிலும் பொய்க்கவில்லை.

இந்தப் பணத்தின் விலையை நாடு உணர்ந்த தருணங்களும் உண்டு. மூதூரிலிருந்து 2005 இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில், சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்ட ரிசானா நபீக் 2013 ஜனவரி 9 அன்று அங்கே சிரச்சேதம் செய்யப்பட்டார். அந்த ஆண்டில் அரசு கொண்டுவந்த 'குடும்பப் பின்னணி அறிக்கை', ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாடு போவதைத் தடுத்தது. வயதைப் பொய்யாக்கிய முகவர் முறையும் ஊழியரை எசமானரின் அனுமதிக்குக் கட்டிப்போடும் கபாலா முறையும் அப்படியே இருக்க, கட்டுப்பாடு பெண்கள்மீதே விழுந்தது. பதிவு செய்து போகும் பெண்களின் பங்கு 2010களின் நடுவில் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்தது. வறுமை அதனால் குறையவில்லை. சுற்றுலா விசாவில் டுபாய்க்குப் போய் அங்கிருந்து வேலை தேடும் ஆபத்தான வழியை முகவர்கள் திறந்துவிட்டார்கள். பதிவில்லாமல் போனவருக்குத் தூதரகத்தின் பாதுகாப்பும் இல்லை, காப்புறுதியும் இல்லை. 2022 இல் நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. விதி வந்ததும் தளர்ந்ததும் தாயையும் பிள்ளையையும் கேட்டு நடக்கவில்லை.

2014 க்குப் பின் எண்ணெய் விலை வீழ்ந்தது. வளைகுடா நாடுகள் தம் குடிமக்களுக்கு வேலையில் முதலிடம் தரத் தொடங்கின. 2014 இல் 3 இலட்சமாக இருந்த புறப்பாடுகள் 2019 இல் 2 இலட்சத்து 3 ஆயிரமாக இறங்கின. ஆனாலும் பணவனுப்பல் ஆண்டுக்கு 7,000 மில்லியன் டொலரைச் சுற்றியே நின்றது. ஏற்கெனவே வெளியே இருந்தவர்கள் தொடர்ந்து அனுப்பினார்கள். தென்கொரியா, இத்தாலி, இஸ்ரேல் போன்ற கூடுதல் சம்பள நாடுகளின் பங்கும் கூடியது.

ஒரு டொலருக்கு இரண்டு விலை

2020 இல் பணவனுப்பல் உயர்ந்ததற்கு ஒரு காரணம், விமானங்கள் நின்றதால் கையோடு கொண்டுவரும் பணமும், வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல் வழிகள் பலவும் முடங்கி, எல்லாம் வங்கிக்குள் வந்தது. அடுத்த ஆண்டே அது மறுபக்கம் திரும்பியது. 2019 இன் இறுதியில் செய்த பெரும் வரிக்குறைப்பு, சுற்றுலா வருமானத்தின் வீழ்ச்சி, கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து டொலர் கையிருப்பைக் கரைத்தன. ஆனாலும் 2021 செப்டெம்பரிலிருந்து மத்திய வங்கி ஒரு டொலரை 200 ரூபாவை ஒட்டியே பிடித்து வைத்தது. வங்கிக்கு வெளியே அதே டொலர் 240 ரூபாவைத் தாண்டியது.

இதை ஒரு தொழிலாளியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு 300 டொலர் அனுப்ப நினைக்கிறார். வங்கி வழியே அனுப்பினால், அரசு 2021 டிசம்பரில் அறிவித்த 10 ரூபா ஊக்கத்தொகையையும் சேர்த்து டொலருக்கு ஏறத்தாழ 210 ரூபா. வீட்டுக்கு 63,000 ரூபா போய்ச் சேரும். அறை நண்பர் சொன்ன உண்டியல்காரரிடம் கொடுத்தால் 240 ரூபா வீதம் 72,000 ரூபா. வித்தியாசம் 9,000 ரூபா. அரிசியும் பால்மாவும் எரிவாயுவும் விலையேறிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு குடும்பத்தின் பல நாள் சாப்பாடு அது. வங்கியில் படிவம் நிரப்ப வேண்டும், கிளைக்குப் போக வேண்டும். உண்டியலில் ஒரு வாட்ஸ்அப் தகவல் போதும். மாலைக்குள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வீட்டு வாசலில் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். நாட்டுப்பற்றைக் காட்டி இந்தத் தொழிலாளியைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. அவர் பற்று வைத்த வீடும் அந்த நாட்டுக்குள்தான் இருக்கிறது.

அவர் கொடுத்த டொலர் என்னவாயிற்று? அது இலங்கைக்கு வரவே இல்லை. கொழும்பில் ஓர் இறக்குமதியாளருக்கு டுபாயிலுள்ள விற்பனையாளருக்குக் கொடுக்க டொலர் வேண்டும். வங்கியில் நாணயக் கடிதம் திறக்க முடியவில்லை. அவர் உண்டியல்காரரின் கொழும்பு ஆளிடம் ரூபாவைக் கொடுக்கிறார். அந்த ரூபாதான் மட்டக்களப்பிலோ மாத்தளையிலோ உள்ள வீட்டுக்குப் போகிறது. வளைகுடாவில் சேர்ந்த டொலர் அங்கேயே இறக்குமதியாளரின் கணக்கைத் தீர்க்கிறது. தங்கக் கடத்தலும் விலையைக் குறைத்துக் காட்டும் இறக்குமதியும் இதே வழியை நாடின. ஆகவே உண்டியலை வளர்த்தவர் அனுப்புபவர் மட்டுமல்ல. டொலரைச் சரியான விலைக்கு விற்க மறுத்த வங்கி முறையே இரு பக்கத்து வாடிக்கையாளரையும் அதன் கையில் கொடுத்தது.

விளைவு மிக வேகமாக வந்தது. 2020 டிசம்பரில் 813 மில்லியன் டொலர் வந்த இடத்தில் 2021 டிசம்பரில் 325 மில்லியன். 2022 ஜனவரியில் 259 மில்லியன். சட்டவிரோதப் பணமாற்றில் ஈடுபடுவோரின் கணக்குகள் முடக்கப்படும் என்ற எச்சரிக்கையும், ஊக்கத்தொகையும், 'லங்கா ரெமிட்' என்ற செயலியும் இந்தச் சரிவை நிறுத்தவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ரூபா விடுவிக்கப்பட்டு மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அந்த மாதங்களில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தேவைப்பட்ட டொலரில் ஒரு பங்கு இலங்கையர் உழைத்த பணமாகவே வெளியே இருந்தது. அதை உள்ளே விடாமல் தடுத்தது ஒரு பொய்யான விலை.

மீட்சி சொல்லும் பாடம்

2023 இல் 5,970 மில்லியன், 2024 இல் 6,575 மில்லியன், 2025 இல் 2016 இன் முந்தைய உச்சமான 7,242 மில்லியனையும் கடந்த தொகை என்று பணவனுப்பல் எழுந்து வந்தது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2023 லும் 2024 லும் ரூபா வலுவடைந்தது. 360 ஆக இருந்த டொலர் 300 க்கும் கீழே இறங்கியது. ஒரு டொலருக்கு வீட்டுக்குக் கிடைக்கும் ரூபா குறைந்துகொண்டு வந்தது. ஆனாலும் வங்கி வழிப் பணம் கூடியது. டொலர் விலை உயர்வா தாழ்வா என்பது பெரிதல்ல. வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் இடையிலான இடைவெளியே பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடைவெளி மூடியதும் பணம் தானாகவே வங்கிக்குத் திரும்பியது. 2022 இல் புறப்பட்ட பெருங்கூட்டம் வேலையில் நிலைத்து அனுப்பத் தொடங்கியதும் இதற்குத் துணைநின்றது.

இந்த மீட்சியின் கனத்தை இரண்டு ஒப்பீடுகள் உணர்த்தும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுகளுக்கென ஒப்புக்கொண்ட கடன் ஏறத்தாழ 3,000 மில்லியன் டொலர். தொழிலாளர் 2024 ஆம் ஆண்டு ஒன்றிலேயே அனுப்பியது அதன் இருமடங்குக்கும் மேல். அதே ஆண்டின் வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 6,070 மில்லியன். அந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்பியும் பணவனுப்பல் மிஞ்சியது. நாட்டின் அடையாளமாகச் சொல்லப்படும் தேயிலை ஏற்றுமதி அந்தப் பணவனுப்பலில் நாலிலொரு பங்குகூட இல்லை.

அண்டை நாடுகளும் இதே பாடத்தைப் படித்திருக்கின்றன. பாகிஸ்தான் 2022 இன் இறுதியில் தன் நாணயத்தைச் செயற்கையாகப் பிடித்து வைத்தபோது அதன் ஆண்டுப் பணவனுப்பல் 31 பில்லியன் டொலரிலிருந்து 27 பில்லியனாக விழுந்தது. வீதம் சீரானபின் 2024–25 இல் 38 பில்லியனைத் தாண்டியது. வங்காளதேசத்தில் 2024 ஜூலை மாணவர் போராட்டத்தை அரசு துப்பாக்கியால் அடக்கியபோது, வெளிநாட்டிலிருந்த தொழிலாளர் பலர் வங்கி வழியே அனுப்பமாட்டோம் என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறியபின் 2024–25 நிதியாண்டில் பணவனுப்பல் 30 பில்லியன் டொலரைக் கடந்தது. அங்கே வீதத்தோடு அரசியல் நம்பிக்கையும் பணத்தின் வழியைத் தீர்மானித்தது.

இந்தியா வேறொரு திசையைக் காட்டுகிறது. 2024–25 இல் அங்கு வந்தது 135 பில்லியன் டொலர். ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2023–24 இல் அதில் ஏறத்தாழ 28 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2016–17 இல் பாதியை நெருங்கியிருந்த வளைகுடாவின் பங்கு 38 சதவீதமாகியிருக்கிறது. பெறும் மாநிலங்களில் தமிழ்நாட்டின் பங்கு 10 சதவீதத்தைச் சற்றுக் கடந்தது. உயர்கல்வியும் தொழில்திறனும் பணத்தின் ஊற்றையே மாற்றியிருக்கின்றன. இலங்கைக்கோ ஏறத்தாழப் பாதிப் பணம் இன்னும் மத்திய கிழக்கிலிருந்தே வருகிறது.

இன்று வெளியே போகும் பணம்

உள்ளே வருவதைப் பேசும்போது வெளியே போவதை மறந்துவிடுகிறோம். துறைமுகம், நெடுஞ்சாலை, நுரைச்சோலை அனல்மின் நிலையம் போன்ற திட்டங்களுக்குச் சீனத் தொழிலாளர் வந்தார்கள். கட்டடத் தொழிலிலும் ஆடைத் தொழிலிலும் இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இலங்கை மேசன் கட்டார் போக, கொழும்பின் அடுக்குமாடிக்கு வேறு நாட்டு மேசன் வருகிறார். 2017 இன் அந்நியச் செலாவணிச் சட்டம் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி முறையான விசாவில் உள்ளவர் சம்பளத்தை அனுப்ப வழிசெய்தது. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்பவருக்கோ வங்கிக் கணக்கும் இல்லை, தொழிற்சட்டத்தின் காவலும் இல்லை. அவர் பணமும் உண்டியலில்தான் போகிறது. நம் பெண்கள் குவைத்தில் எதற்காக அழுகிறார்களோ அதே பாதுகாப்பின்மை இங்கே இன்னொருவருக்கு நேர்கிறது. வெளியே நம்மவருக்கு உரிமை கேட்கும் நாடு, உள்ளே வந்தவருக்கு அதைக் கொடுக்கக் கடமைப்பட்டது.

வீட்டுக்குள் சேர்ந்தது என்ன

வந்த பணம் சாப்பாட்டுக்கும், கடனுக்கும், வீடு கட்டுவதற்கும், படிப்புக்கும், சீதனத்துக்கும் போகிறது. இதை வீண்செலவென்று சாடுபவர்கள், கடனில்லாமல் உறங்குவதும் ஒழுகாத கூரையும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய முதலீடு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு. வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் பரவிய நுண்கடன்களை அடைக்கவே பல பெண்கள் விமானமேறினார்கள். அவர்களது முதல் பல மாதச் சம்பளம் வட்டியாகக் கரைந்தது. பணிப்பெண்ணை அனுப்பும் முகவர் குடும்பத்துக்கு முன்கூட்டிக் கொடுக்கும் தொகை, அடி வாங்கினாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை முடிக்காமல் அவர் திரும்ப முடியாதபடி கட்டிப்போடுகிறது. கங்காணியின் முன்பணத்தின் சாயலை இதில் காணாமல் இருக்க முடியாது.

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் வரும் பணத்தில் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ் ஆகிய நாடுகளில் குடியேறிவிட்ட உறவுகளின் பங்கு பெரிது. போர்க்காலத்தில் வங்கிகள் இயங்காத இடங்களில் உண்டியலே உயிர் காத்தது. அந்த வழியில் பழகிய நம்பிக்கை இன்றும் உள்ளது. ஆனால் இந்தப் பணம் ஒரு தலைமுறைப் பாசத்தில் நிற்பது. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் இதே அளவில் அனுப்புவார்கள் என்று எந்தக் குடும்பமும் திட்டமிட முடியாது. 2022 க்குப் பின் குடும்பத்தோடு வெளியேறிய மருத்துவரும் பொறியியலாளரும் அப்படியே. துணையையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றவர் அனுப்பும் தேவை குறைந்துகொண்டே போகும். கூடுதல் திறனுள்ளவர் போவதால் கூடுதல் பணம் வரும் என்ற கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது.

செய்ய வேண்டியவை

இந்த நீண்ட அனுபவத்திலிருந்து சில முடிவுகள் உறுதியாக எழுகின்றன. முதலாவது, நாணய மாற்று வீதத்தை அரசியல் வசதிக்காகப் பிடித்து வைக்கும் தவறு மீண்டும் நடக்கக்கூடாது. அந்தத் தவறின் செலவை 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று மக்கள் கட்டினார்கள். இரண்டாவது, மிரட்டலும் பரிசும் உண்டியலை ஒழிக்காது. வேகத்திலும் செலவிலும் வங்கி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பணம் அனுப்பும் செலவை 2030 க்குள் தொகையில் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று. அதை வங்கிகளின் கடமையாக்க வேண்டும். மூன்றாவது, முகவரின் முன்பணத்தையும் ஆட்சேர்ப்புக் கட்டணத்தையும் தடுத்தால், அனுப்பும் தொகை கூடுவதற்கு முன்பே தொழிலாளியின் கையில் மிஞ்சுவது கூடும்.

நான்காவதே அடிப்படை. 2024 இல் நடந்த சனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும், வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர் தாம் இருக்கும் நாட்டிலிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. நாட்டின் வர்த்தகப் பள்ளத்தை ஆண்டுதோறும் நிரப்புபவர்களுக்கு, அந்தப் பள்ளத்தைத் தோண்டும் கொள்கைகளைப் பற்றிச் சொல்ல வாய் இல்லை. மலையகத் தொழிலாளியின் வாக்கைப் பறித்த நாடு, அவர் வியர்வையில் விளைந்த தேயிலையை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த அநீதியைத் திருத்தப் பல பத்தாண்டுகள் எடுத்தன. பாலைவனத்திலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் உழைப்பவர் விடயத்தில் அதே தாமதம் கூடாது. வாக்குரிமையும், தூதரகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்லும் ஓர் அலுவலரும், திரும்பி வந்தபின் ஓய்வூதியமும் அவர்களுக்குச் சேர வேண்டிய நிலுவைகள். அவற்றைக் கொடுக்கும் அரசுக்கு ஊக்கத்தொகை அறிவிக்க வேண்டிய தேவையே வராது.